மனநல நிபுணரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

மனச்சோர்வு குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, 'தகுந்த நிபுணரை அணுகுங்கள்' என்ற அறிவுரையோடு முடிந்துவிட்டது. பலர் திகைத்து நிற்பதோ அதற்கு அடுத்த படியில்தான். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து பரிந்துரைப்பவர். உளவியலாளர் பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். 'ஆலோசகர்' என்ற பெயர்ப்பலகையை முறையான பயிற்சி இல்லாதவர்களும் மாட்டிக்கொள்ள வாய்ப்பிருப்பதால், பட்டத்தையும் பதிவு எண்ணையும் கேட்டுச் சரிபார்ப்பதில் தயக்கம் தேவையில்லை.

எந்தச் சிகிச்சை முறையைக் கையாள்கிறார், நம்முடைய பிரச்சினையில் அவருக்கு அனுபவம் உண்டா, ரகசியக் காப்புக்கு எந்தச் சூழலில் விதிவிலக்கு என்பவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய, எதிர்மறை எண்ணங்களை இனங்கண்டு மாற்றப் பழக்கும் அறிவாற்றல் சிகிச்சை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பரவலாகப் பயன்படுகிறது. கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவத் தூண்டும் எண்ணச் சுழற்சி நோய்க்கோ அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றவரே பொருத்தம்.

மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காணொலிவழிச் சிகிச்சை நேர்ச் சந்திப்புக்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், பிறர் காதில் விழாமல் பேச வீட்டில் ஓர் அறை கிடைக்காதவருக்கு அந்த வசதியால் என்ன பயன்? தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவருக்கு இணையச் சந்திப்புக்கான முன்பதிவு போதாது. உடனடியாக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்வதே முறை.

சில சந்திப்புகளுக்குப் பின்னும் நம்பிக்கை பிறக்கவில்லையெனில், அதை அவரிடமே வெளிப்படையாகச் சொல்லி வேறொருவரைப் பரிந்துரைக்கக் கேட்கலாம்; நல்ல நிபுணர் எவரும் இதை அவமதிப்பாகக் கருதமாட்டார். இத்தகைய விவரங்களையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்