குட்டைப் பெட்டியின் சாவி

கடலூர் முதுநகர்,
சனி இரவு

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் கட்டு பிரித்தாயிற்று என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் நிம்மதி. இங்கே விட்டுவிட்டு மழை. உப்பனாறு கரை தொட்டு ஓடுகிறது.

பரங்கிப்பேட்டையில் அண்ணன் இறால் குட்டையில் நாம் வைத்த குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறதே, கரண்ட் போய்ப் போய் வந்து அதில் ரெண்டு மெமரி கார்டு கெட்டுவிட்டது. ராத்திரி தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கும் நேரம் பெட்டி செத்துக் கிடந்தால் மொத்த இறாலும் போய்விடும். அதனால் சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் ரூட்டை ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமாக ஆக்கிவிட்டேன். அதில் எழுதவே முடியாது, ஆகவே பாதி எழுதிக் கெடுவதும் கிடையாது.

வந்த சிக்கல் டிராப்பியரில். 2003-லிருந்து மேட் ஜான்ஸ்டன் எழுதிவரும் அந்தக் குட்டி எஸ்எஸ்ஹெச் சர்வரேதான், தூரத்திலிருந்து பெட்டிக்குள் லாகின் செய்ய வைத்தது. பிங் போகிறது, ஆனால் லாகின் செய்தால் உடனே லைன் அறுந்துவிடுகிறது. முதல் ஆள் வரும்போது, பெட்டியின் அடையாளமான ஹோஸ்ட் கீயை உருவாக்கி எழுதப் பார்க்கிறது, எழுத இடமில்லை. ஈடிசிக்குள் இருக்கும் டிராப்பியர் டைரக்டரியை, கரண்ட் போனால் அழிந்துவிடும் ராமுக்கு லிங்க் கொடுத்தேன். இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு லினக்ஸ் கட்டித்தரும் பில்ட்ரூட்டும் எழுத முடியாத ரூட்டில் அப்படித்தான் வைக்கிறது. வேலை செய்தது. ஆனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் புதுக் கீ, "ஹோஸ்ட் மாறிவிட்டது" என்ற எச்சரிக்கை. நானும் யோசிக்காமல் என் லேப்டாப்பில் பழைய கீ இருக்கும் வரியை அழித்து அழித்து உள்ளே போனேன். நாளைக்கு நடுவில் வேறொருவன் உட்கார்ந்தாலும் இதே எச்சரிக்கைதானே வரும்? அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது கார்டில் 8 எம்பி தனிப் பார்ட்டிஷன். கீயை ஒரே முறை அங்கே உருவாக்கி, பிறகு அதையும் ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுண்ட் செய்துவிட்டேன். கார்டில் ஏற்றும் சிஸ்டம் இமேஜுக்குள்ளேயே கீயை வைப்பது சுலபம்தான், ஆனால் அடுத்த குட்டைக்கும் அதே இமேஜ் போனால் ரெண்டு பெட்டிக்கும் ஒரே சாவி. நம்மை அடையாளம் கண்டு உள்ளே விடும் நம் பப்ளிக் கீகளும் அங்கேதான். முதலில் அவசரத்தில் அவற்றுக்கு யாரும் எழுதலாம் என்ற 777 அனுமதி போட்டிருந்தேன், டிராப்பியர் ஏற்கவில்லை. சொந்தக்காரருக்கு மட்டும் என்று டைரக்டரியை 700-ம் ஃபைலை 600-ம் ஆக்கியதும் உள்ளே விட்டது. பாஸ்வேர்டு லாகினை நிறுத்திவிட்டேன்.

உன் லேப்டாப்பில் பழைய கீ இருக்கும், எச்சரிக்கை வரும். நாளை ராத்திரி போன் பண்ணு, புதுக் கீயின் சுருக்க அடையாளமான ஃபிங்கர்பிரிண்டை எழுத்தெழுத்தாகப் படிக்கிறேன். பழைய வரியை அழித்துவிட்டு மறுபடி லாகின் செய், அங்கே காட்டுவது ஒத்துப்போனால் மட்டும் எஸ் கொடு.

அன்புடன்,
குமார்