பொருளற்ற பெயர்க்காரி எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பெண் குழந்தைகளுக்கான பெயர்ப் பட்டியல் வெளியிட்டிருந்தீர்கள். பக்கத்தின் அடியில் ஒரு கட்டம், தலைப்பு ‘தவிர்க்க வேண்டிய பெயர்கள்’. அதில் ஏழாவது வரி: “இசக்கி – பொருளற்ற பெயர். பேயைக் குறிக்கும். இன்று யாரும் வைப்பதில்லை.” பொருளே இல்லாத பெயர் எப்படிப் பேயைக் குறிக்கும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. 67 வருடமாக அந்தப் பெயரோடு இருக்கிறவள் என்பதால் நிதானமாக மூன்று தடவை படித்தேன். காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதே பக்கத்தில் ‘ய’ வரிசையைப் பாருங்கள். “யக்ஷிதா – தேவதை. நவீனமான பெயர்.” பெங்களூரில் இருக்கும் என் மருமகள் அதைத்தான் வட்டமிட்டுப் படம் பிடித்து அனுப்பி, “எப்படி இருக்கு அத்தை?” என்று கேட்டிருந்தாள். “நல்லா இருக்கு மக்ளே, அது என் பேருதான்” என்று பதில் போட்டேன். கிழவி விளையாடுகிறாள் என்று நினைத்து ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினாள்.

தாங்கள் அறியாதது ஒன்றுமில்லை. பட்டியல் போட்டவருக்காகச் சொல்கிறேன். வடமொழி யக்ஷிதான் தமிழில் இயக்கி, யந்திரம் இயந்திரம் ஆன மாதிரி. சிலப்பதிகாரத்தில் இடையர் குலத்து மாதரி மதுரைக்கு வெளியே போய்ப் பால்மடை, அதாவது பால் படையல், கொடுப்பது ‘பூங்கண் இயக்கி’க்கு. கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் சமணத் துறவி கவுந்தியடிகள் அவளிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அந்த இயக்கி தென்பாண்டி நாட்டுப் பேச்சிலும் எங்கள் நாஞ்சில் நாட்டுப் பேச்சிலும் இசக்கி ஆனாள். உயிரை உசிர் என்கிறோம், உயரத்தை உசரம் என்கிறோம், முயல் முசல் ஆகிவிட்டது. இதை நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 31 வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை சொன்னால் புரிந்துகொண்டார்கள்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலை இருக்கிறது. சமணர்கள் இருந்த இடம், பின்னால் பகவதி கோயில் ஆனது. பாறையில் தீர்த்தங்கரர்களோடு அம்பிகை என்ற இயக்கியும் நிற்கிறாள், பக்கத்தில் பிள்ளைகள், காலடியில் சிங்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது நம்ம இசக்கிதானே, இடுப்புல பிள்ளைய காணோமே” என்றாள். படிக்கட்டு ஏறின மூச்சு இன்னும் அடங்கவில்லை அவளுக்கு. உங்கள் பெயர் ஆராய்ச்சியாளர் அந்த மலை ஏறியிருப்பார் என்று நம்புகிறேன்.

சரி, பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொடையில், அதுதான் கோயில் திருவிழாவில், வில்லுப்பாட்டுக்காரர் இசக்கி கதை படிக்கும்போது நானும் பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்தவள்தான். நகைக்காகக் கள்ளிக்காட்டில் கொல்லப்பட்ட பெண் மறுபிறவியில் கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டு வருகிறாள். கேட்டால் பேயா? கொன்றவன் பெயர் உங்கள் கட்டத்தில் இல்லையே.

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தவறிப்போயின. மூன்றாவது தடவை முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போய், ஒரு சாண் நீளத்தில் மரத்தொட்டில் ஒன்றை மஞ்சள் கயிற்றில் கட்டிவிட்டு வந்தாள். பிறந்தது நான். “அவ தந்த பிள்ளையாக்கும்” என்பாள். எங்கள் வீட்டில் பெயருக்குப் பொருள் அகராதியில் தேடுவதில்லை.

எல்லை தாண்டினாலும் நிம்மதி கிடையாது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கிற பையன் என் பெயரைப் பார்த்துவிட்டு “யக்ஷி” என்று உரக்க வாசித்தான். அங்கே யக்ஷி என்றால் பாலைமரத்தில் இருந்து இறங்கி, இராத்திரி வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கிறவள். “அம்மச்சிக்குச் சுண்ணாம்பு வேணோ?” என்று பின்னால் இருந்து ஒருத்தர் கேட்க, வரிசையே சிரித்தது. மூட்டுவலியோடு நானும் சிரித்து வைத்தேன். மலையாளத்துக்காரர் சிரித்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, தமிழ்ப் பத்திரிகையில் நம் பெயர் சரியாக வரும் என்பதற்கும் சேர்த்துத்தான் என்று என் அப்பா சொல்வார். நல்லவேளை, அவர் இப்போது இல்லை.

எங்கள் மாவட்டம் உங்களுக்கு எப்போது நினைவுக்கு வருகிறது? ஜனவரி ஒன்றாம் தேதி சூரிய உதயப் படம் போட. முப்பந்தல் என்றால் காற்றாலைப் படம். அந்த நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் நிறுத்தித் திருநீறு பூசிக்கொண்டு போகிற கோயில் படத்தின் ஓரத்தில்கூட வருவதில்லை. ஆரல்வாய்மொழியை இதுவரை இரண்டு முறை ‘அரல்வாய்மொழி’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஊருக்கே கால் போய்விட்டது, எனக்குப் பெயர் போனால் என்ன.

‘இன்று யாரும் வைப்பதில்லை’ என்பதில் பாதி உண்மை உண்டு, மறுக்கவில்லை. என் வகுப்பேட்டில் ஒரே வருடம் இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிராஜா, இசக்கிப்பாண்டி என்று நாலு பேர் இருந்தார்கள். இப்போது எதிர்வீட்டுப் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஹர்ஷினி, கோயிலில் அர்ச்சனைக்கு இசக்கி. ஏன் இரண்டு பெயர் என்று கேட்டேன். “வெளியில சிரிப்பாங்க டீச்சர்” என்றாள் அவள் அம்மா. சிரிப்பதற்குக் கட்டம் கட்டிக் கொடுப்பது யார் என்று நான் சொல்லவில்லை.

வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, ‘இசக்கி – இயக்கி என்பதன் வழக்கு, பெண் தெய்வத்தின் பெயர்’ என்று ஒரு வரி போட்டால் போதும். கட்டம்கூட வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. போன வருடம் பேருந்து நேரம் பற்றி நான் எழுதிய கடிதத்தை ‘ஈஸ்வரியம்மாள்’ என்ற பெயரில் வெளியிட்டீர்கள். அச்சுப் பிழை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தை இடத்துக்குத் தகுந்தபடி எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். பெயரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
இசக்கியம்மாள்,
ஆரல்வாய்மொழி (முதல் எழுத்து நெடில்),
கன்னியாகுமரி மாவட்டம்.