கல்கரி அணிக்கு நீங்கள் செய்தது நியாயமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், கீழ் மூலையில், "பலவீனமான ஆட்டத்தால் கல்கரி ஃபிளேம்ஸ் வெளியேறியது" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். இந்த 2024-25 பருவம் முழுவதும் எங்கள் பனி ஹொக்கி அணியைப் பற்றி நீங்கள் எழுதியது அந்த ஒரு வரிதான்.

96 புள்ளி எடுத்த அணி பலவீனமான அணியா? பிளேஓஃப், அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்குப் போன செயின்ட் லூயிஸ் அணி எடுத்ததும் அதே 96 தான். மேலதிக நேரத்துக்குப் போகாமல் வென்ற ஆட்டங்களை எண்ணிப் பார்த்து அவர்களை உள்ளே எடுத்தார்கள். கிழக்கில் 91 புள்ளியோடு மொன்றியல் தகுதி பெற்றது. அதற்குப் படத்துடன் அரைப்பக்கம் கொடுத்தீர்கள். மொன்றியல்மீது எனக்குக் கோபம் இல்லை. கிழக்கு அணிகளையும் எங்களைப் போன்ற மேற்கு அணிகளையும் என்.எச்.எல். லீக் தனித்தனியாக வரிசைப்படுத்துவதால் வரும் அநியாயம் இது என்று நீங்கள் அறியாதவரல்லர். அறிந்தும் அதை எழுதவில்லையே.

பருவம் தொடங்கியபோது இந்த அணி கடைசி வரிசையில்தான் நிற்கும் என்று சொன்னவர்கள் பலர். அப்படிச் சொல்லப்பட்ட அணியை ஏப்ரல் 15 வரை போராட்டத்தில் வைத்திருந்தவர் எங்கள் கோல் காப்பாளர் டஸ்டின் வூல்ஃப். அன்றிரவு செயின்ட் லூயிஸ் வென்றதும் வழி அடைபட்டது. ஆனாலும் அதே இரவில் நம் பிள்ளைகள் வேகாஸை வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சல்ஸையும் வென்றார்கள்.

என் இளைய மகனும் கோல் காப்பாளன். உயரம் போதாது, வேறு இடத்தில் விளையாடு என்று ஒரு பயிற்சியாளர் சொன்ன நாளில் அவன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. உயரம் போதாது என்று கருதப்பட்ட வூல்ஃபும், அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் 2019 தேர்வில் 214ஆவது ஆளாக, ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டவர் என்று அண்ணன்காரன் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவன் மறுபடியும் காலுறையை மாட்டினான். இந்த ஊரில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் பனித்தளத்தில் இறங்குகிறார்கள். அவர்கள் உங்கள் இதழில் தங்கள் அணியைத் தேடினால் என்ன கிடைக்கும்? 1967க்குப் பிறகு கோப்பையைக் காணாத ரொறன்ரோ அணிக்கு எவ்வளவு பரிவு காட்டுகிறீர்கள்! அதில் ஒரு துளி எங்களுக்கு இல்லையா?

இது விளையாட்டோடு நிற்கவில்லை. 2024 ஜூனில் பிரதான தண்ணீர்க் குழாய் உடைந்து நகரமே தண்ணீரை அளந்து செலவழித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆலங்கட்டி மழை வடகிழக்கில் எங்கள் வீட்டுச் சுவர்களைச் சல்லடையாக்கியது. இரண்டும் உங்கள் பக்கங்களில் தேடியும் கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் ஒரு நாள் பனி கொட்டினால் முதற்பக்கம். சந்தா மட்டும் எங்களிடமும் அதே தொகைதான் வாங்குகிறீர்கள். கலைவிழாச் செய்தி அனுப்பினால், இடமில்லை என்ற பதில்கூட வருவதில்லை.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, கல்கரி 96 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றே வாய்ப்பை இழந்தது என்று போடுங்கள். ஒக்டோபரில் புதிய பருவம் தொடங்கும்போது, வாரம் ஒரு முறை ஃபிளேம்ஸின் முடிவுகளுக்கு இரண்டு வரி இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுங்கால வாசகி ஒருவர்,
வடகிழக்குக் கல்கரி, அல்பேர்ட்டா.