‘நல்ல ரீல்’ என்றால் எது?

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஸ்கூபா டைவிங் கருவிகள் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகமூடிக்கு ஒரு பத்தி, காலில் மாட்டும் ஃபின்னுக்கு ஒரு பத்தி, டைவ் கம்ப்யூட்டருக்கு இரண்டு பத்தி. ரீலுக்கு மட்டும் “நம்பகமான ரீல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரே வரி! எது நம்பகமானது என்பதுதானே கேள்வி. பல வருடங்களாக டைவ் செய்கிறவன், ரீலால் ஒருமுறை நன்றாகவே பயந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

டைவ் செய்யாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே ஏறி வருவதற்கு முன் நாங்கள் அடியிலிருந்தே ஒரு நீளமான மிதவைக் குழாயில் காற்றை ஊதி மேலே அனுப்புவோம், படகில் இருப்பவர்களுக்கு நாங்கள் எங்கே வெளிவரப் போகிறோம் என்று தெரிய வேண்டுமே. அந்த மிதவைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் நூலைச் சுற்றி வைத்திருப்பதுதான் ரீல். குகைக்குள்ளோ மூழ்கிய கப்பலுக்குள்ளோ போகிறவர்கள் திரும்பும் வழி தெரிய நூல் விட்டுக்கொண்டே போவதும் இதில்தான்.

இப்போது என் கதை. டைவிங் தொடங்கிய புதிதில் நான் வாங்கிய முதல் ரீல் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. பளபளவென்று உலோகச் சட்டம், துப்பாக்கி விசை மாதிரி ஒரு ராட்செட், அழுத்தினால் நூல் ஓடும், விட்டால் பூட்டிக்கொள்ளும். கடையில் நான்கு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். பிறகு ஒருநாள் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் மிதவையில் ஊதி விட்டபோது, கையுறை போட்ட விரல் விசையிலிருந்து நழுவியது, ரீல் டக்கென்று பூட்டிக்கொண்டது, அதே நொடியில் ஓடிய வேகத்தில் தளர்ந்த நூல் சட்டத்துக்கும் உருளைக்கும் நடுவில் புகுந்து அச்சில் சுற்றிக்கொண்டது. இடியாப்பச் சிக்கல் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மிதவை என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்றால், 20 மீட்டரில் அழுத்தம் தரைமட்டத்தைப் போல மூன்று மடங்கு, அங்கே ஊதிய 3 லிட்டர் காற்று மேலே வர வர விரிந்து 9 லிட்டர் ஆகிவிடும், ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தூக்கும். அதாவது மேலே போகப் போக இழுவை கூடிக்கொண்டேதான் இருக்கும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவன் விறுவிறுவென்று மேலே போனால் நுரையீரலுக்கும் ஆபத்து, ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகளும் வரலாம். நல்லவேளை, பயிற்சியில் தலையில் அடித்தாற்போல் சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வந்தது: சிக்கினால் விட்டுவிடு. விட்டுவிட்டேன். ரீல் போனது போனதுதான், நான் நின்றேன். ரீலை உடம்பில் கொக்கி போட்டுக்கொண்டு மிதவை விடுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

அதற்கப்புறம் என் பைக்குள் வந்தது வெறும் ஸ்பூல். நடுவில் விரல் நுழைகிற ஓட்டை, சுற்றி நூல், விளிம்புத் துளையில் மாட்டிப் பூட்ட இருமுனைக் கொக்கி ஒன்று, அவ்வளவுதான். விசை இல்லை, அச்சு இல்லை, கெட்டுப்போக எதுவுமே இல்லை. குறையே இல்லையா என்றால் இருக்கிறது. 30 மீட்டர் நூலைக் கையால் சுற்றி எடுக்கப் பொறுமை வேண்டும், தடித்த கையுறையோடு கஷ்டம், கை தவறினால் சுருள் அவிழ்ந்துகொண்டே கீழே போய்விடும். இருந்தாலும் சாதாரணமாக டைவ் செய்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுவே போதும் என்பது என் கட்சி.

குகைக்குள் போகிறவர் நிலைமை வேறு, அவருக்குக் கைப்பிடியும் நிறைய நூலும் உள்ள ரீல் வேண்டும். 1970களில் குகை டைவிங் மரணங்களை அலசிய அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, வெளிவாசல் வரை அறுபடாத வழிகாட்டி நூல் இல்லாமல் போனது. அங்கே சிக்கினால் விட்டுவிட்டு மேலே வர முடியாது, தலைக்கு மேல் பாறை. அதனால் மூடிய பெட்டி மாதிரியான ரீலைவிடத் திறந்த ரீலையே நான் சொல்வேன், சிக்கல் கண்ணுக்குத் தெரியும், விரலை விட்டு எடுக்கலாம். வாங்கும்போது அந்த நூலையே எடுத்து உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகிப் பாருங்கள். நுழைந்தால், அந்த ரீல் ஒருநாள் சிக்கும். உருளையை வேகமாகச் சுழலவிட்டு நூல் இழுப்பதைச் சட்டென்று நிறுத்தியும் பாருங்கள். உருளை தொடர்ந்து ஓடி நூலைக் கக்கினால், விரலால் லேசாகத் தடுத்துப் பிடிக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

நூலைப் பற்றியும் யாரும் சொல்வதில்லை. பின்னல் நைலான்தான் நல்லது, நீரில் மெல்ல அமிழும். பாலிபுரொப்பிலீன் மிதக்கும், தளர்ந்தால் சுருள் சுருளாக மேலே எழுந்து ஃபின்னிலும் சிலிண்டர் வால்விலும் மாட்டும். நிறைய நீளம் அடைக்கலாமே என்று மெல்லிய நூலுக்கு ஆசைப்படாதீர்கள், சிக்கினால் அதைப் பிரிப்பது நரகம், துருப்பிடித்த கப்பல் விளிம்பில் உரசினால் அறுந்தும் விடும். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும். உருளையின் விளிம்பு வரை நிரப்பவும் கூடாது, ஈரத்தில் நூல் உப்பி வழிந்துவிடும். நீரோட்டம் இருந்தால் நூல் சாய்வாகத்தான் போகும், ஆகவே 20 மீட்டரிலிருந்து மிதவை விட 20 மீட்டர் நூல் போதாது, ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்வேன். எந்த ரீலாக இருந்தாலும் நூல் வெட்டும் கத்தரி ஒன்று, கைக்கு எட்டும் இடத்தில்.

இன்னொன்று, புது ரீல் வாங்கினால் முதல் வேலையாக வீட்டில் நூல் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள். உள்முனை உருளையில் முடிச்சுப் போட்டிருக்கிறதா என்று அதைக் கடைசி வரை அவிழ்த்தால்தான் தெரியும். நான் இரண்டாவதாக வாங்கிய ஸ்பூலில் போட்டிருக்கவில்லை.

இப்படிக்கு,
டைவ் செய்யும் ஒரு வாசகன்