செகாவோடு நின்றுவிடாத ஒரு குறுநாடகப் பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடையேற்ற ஏற்ற ஓரங்க நாடகங்களைப் பரிந்துரைத்துத் தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, சிறிய நாடகக் குழுக்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படத்தக்கதாகவே இருந்தது. 1888இல் எழுதப்பட்ட, ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘கரடி’யையும், 1904இல் அரங்கேறிய, ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங்கின் ‘ரைடர்ஸ் டு த சீ’ நாடகத்தையும் அதில் சேர்த்ததற்கு எவரும் குறை சொல்ல முடியாது. என் குறை, பட்டியல் ஏறத்தாழ அங்கேயே நின்றுவிட்டது என்பதுதான். இன்று நம்மோடு வாழ்ந்து எழுதிக்கொண்டிருக்கும் நாடகாசிரியர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. புதியது எதுவாயினும் நல்லது என்று கருதி இதை நான் சொல்லவில்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் குறுநாடகம் தன் இலக்கணத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது. பழையவற்றை மட்டும் படிப்பவருக்கு அந்த மாற்றம் தெரியாமலே போய்விடும்.

பழைய ஓரங்க நாடகத்தில் பெரும்பாலும் பிணக்கு ஏற்கெனவே முற்றியிருக்கும். திரை விலகிய சற்று நேரத்தில் அது வெடிக்கும். நெடுநாடகம் ஒன்றின் கடைசி அங்கத்தை மட்டும் பார்ப்பதாகவே தோன்றும். இன்றைய குறுநாடகங்களில் சிறந்தவை அவ்வாறு இயங்குவதில்லை. அவை தமக்கென ஒரேயொரு விதியை வகுத்துக்கொண்டு, அந்த விதி எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதித்துப் பார்த்துவிட்டு முடிந்துவிடுகின்றன. அவற்றை நீட்டினால் கெடும். நெடுநாடகத்தைச் சுருக்கி அவற்றைப் பெறவும் முடியாது.

இதைப் புரிந்துகொள்ள எளிய வழி, அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் ஐவ்ஸ் எழுதி 1988இல் அரங்கேறிய ‘ஷ்யூர் திங்’ நாடகத்தைப் படிப்பதாகும். காபிக் கடையில் ஒரு பெண் தனியே அமர்ந்து ஃபாக்னரின் நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஓர் ஆண் வந்து, எதிரே உள்ள நாற்காலியில் யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்கிறான். இருக்கிறார்கள் என்கிறாள் அவள். மன்னிப்புக் கேட்டு அவன் திரும்புவதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மணி அடிக்கிறது, அவன் அதே கேள்வியை மீண்டும் கேட்கிறான், இம்முறை அவள் விடை சற்றே மாறுகிறது. பேச்சு எங்கே தடம் புரண்டாலும் மணி அடிக்கும். தவறான சொல் அழிந்து, வேறொரு சொல்லோடு உரையாடல் தொடரும். இருவர், ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு மணி ஆகியவற்றுக்கு மேல் எதுவும் தேவைப்படாத இந்த நாடகத்தில் பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள் என்றாலும், ஒரு காதல் அமைவதற்கு முன்பு எத்தனை பொய்களும் திருத்தங்களும் தேவைப்படுகின்றன என்பது அந்தச் சிரிப்பினூடே உறைத்துவிடும். நடிகர்களுக்கு இது சுலபமான நாடகம் அன்று. மணி அரை நொடி தாமதித்தாலும் நகைச்சுவை செத்துவிடும். ஆகவே மணியடிப்பவரையும் ஒரு நடிகராகவே கருதி முதல் நாள் ஒத்திகையிலிருந்தே உடன் வைத்துக்கொள்வது நல்லது.

ஏறத்தாழ இதே உத்தியைப் பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சில் கையாண்டிருக்கும் முறையை இதனோடு ஒப்பிட்டுப் படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1997இல் வெளிவந்த அவருடைய ‘ப்ளூ ஹார்ட்’ இரு குறுநாடகங்களின் இணைப்பு. அதில் முதலாவதான ‘ஹார்ட்ஸ் டிசையர்’ நாடகத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிவரும் மகளுக்காகப் பெற்றோரும் அத்தையும் வீட்டில் காத்திருக்கிறார்கள். காட்சி சில வரிகள் நகர்ந்ததும் நின்று, தொடக்கத்துக்கோ இடையில் ஓரிடத்துக்கோ போய் மறுபடியும் நடக்கிறது. இங்கே மணி இல்லை, காரணமும் சொல்லப்படுவதில்லை. ஒருமுறை அந்தக் காட்சி அசுர வேகத்தில் ஓடுகிறது. ஒருமுறை துப்பாக்கி ஏந்தியவர்கள் உள்ளே புகுகிறார்கள். ஒருமுறை பத்தடி உயரப் பறவை ஒன்று வந்து நிற்கிறது. ஐவ்ஸின் நாடகத்தில் ஒவ்வொரு திருத்தமும் இருவரையும் நெருக்கத்துக்குக் கொண்டு செல்கிறது என்றால், சர்ச்சிலின் நாடகத்தில் ஒவ்வொரு மறுதொடக்கமும் அந்தக் குடும்பம் தனக்குள் பூட்டி வைத்திருக்கும் கசப்பில் இன்னும் கொஞ்சத்தை வெளியே கொட்டிவிடுகிறது. உத்தி ஒன்றாயினும் அது எதற்குப் பயன்படுகிறது என்பதில்தான் நாடகாசிரியரின் தரம் இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டையும் விடப் பொருத்தமான சோடியை நான் படித்ததில்லை.

சர்ச்சிலின் பிற்காலக் குறுநாடகங்களில் 2021இல் அரங்கேறிய ‘வாட் இஃப் இஃப் ஒன்லி’யை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சுமார் இருபது நிமிடங்களில் முடியும் அதில், அன்புக்குரியவரை இழந்த ஒருவர் அந்த மறைந்த உயிரிடம் தனியே பேசிக்கொண்டிருக்கிறார். வந்து சேர்வதோ, நிகழாமலே போய்விட்ட ஓர் எதிர்காலம். அதைத் தொடர்ந்து, நிகழக்கூடிய வேறு பல எதிர்காலங்களும் தம்மை நிகழ விடுமாறு கெஞ்சிக்கொண்டு கூடிவிடுகின்றன. துயரத்தைப் பற்றி ஏராளமான நாடகங்கள் உண்டு. ‘அப்படி இருந்திருந்தால்’ என்று மனம் அரற்றுவதையே பாத்திரமாக்கி மேடையில் நிறுத்தியது பெரிய துணிச்சல். 2009இல் அவர் எழுதிய ‘செவன் ஜூயிஷ் சில்ட்ரன்’ இன்னும் சிறியது. சுமார் பத்து நிமிடங்கள். மேடைக்கு வராத ஒரு சிறுமியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் தமக்குள் வாதிடும் வரிகள் மட்டுமே அதில் உள்ளன. எந்த வரியை யார் பேசுவது என்பது குழுவின் விருப்பம். அப்போதைய காசாப் போர் குறித்து எழுதப்பட்ட அந்தப் பிரதி யூத வெறுப்பைப் பரப்புவதாகக் கடுமையான குற்றச்சாட்டுக்கு உள்ளானது. அதை மறுத்தவர்களும் பலர். மேடையேற்ற விரும்பும் குழு இரு தரப்பு வாதங்களையும் படித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

இவையெல்லாம் மேடை உத்திகளில் ஈடுபாடு கொண்டவர்களுக்கானவை, பொதுப் பார்வையாளருக்கு எட்டாதவை என்று சிலர் கருதக்கூடும். அவர்கள் இந்திய நாடகாசிரியர் மஞ்சுளா பத்மநாபனின் ‘லைட்ஸ் அவுட்’ நாடகத்தைப் படிக்க வேண்டும். 1982இல் மும்பையில் உண்மையாகவே நடந்த ஒரு சம்பவத்தை அடிப்படையாகக் கொண்ட இந்த நாடகம், 1986இல் அரங்கேறியது. வசதியான ஒரு குடியிருப்பின் வரவேற்பறை. பக்கத்திலுள்ள, கட்டி முடிக்கப்படாத கட்டடத்திலிருந்து இரவுதோறும் ஒரு பெண்ணின் அலறல் கேட்கிறது. வீட்டின் தலைவி காவல்துறையை அழைக்குமாறு கணவனை வற்புறுத்துகிறாள். அவனோ நமக்கேன் வம்பு என்று தட்டிக்கழிக்கிறான். விருந்துக்கு வந்த நண்பன் அதை வேடிக்கை பார்க்கும் ஆவலைக்கூட மறைப்பதில்லை. அது ஏதேனும் மதச் சடங்காக இருக்கலாமா, பேயோட்டுவதாக இருக்கலாமா என்று அறிவார்ந்த முறையில் விவாதித்து, பிறகு போய்த் தாக்கலாம் என்று வீறுகொண்டு, எந்த ஆயுதத்தை எடுப்பது என்று திட்டமிட்டு முடிப்பதற்குள் அலறல் நின்றுவிடுகிறது. அந்தப் பெண்ணை நாம் ஒருமுறையும் பார்ப்பதில்லை.

இதில் நான் குறிப்பாகச் சுட்ட விரும்புவது ஃபிரீடா என்ற வீட்டு வேலைக்காரியின் பாத்திரத்தை. அவள் எப்போதும் பார்வையாளர் கண்ணில் படும்படி வேலை செய்துகொண்டே இருக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று எவரும் கேட்பதுமில்லை. படிக்கும்போது வசனமில்லாத இந்தப் பாத்திரத்தை எளிதில் கடந்துபோய்விடுவோம். மேடையில் நிலைமை தலைகீழ்: அலறலைப் பற்றி மற்றவர்கள் எவ்வளவுக்கெவ்வளவு பேசுகிறார்களோ, அவ்வளவுக்கவ்வளவு நம் கண் ஃபிரீடாவின் கைகள் மீதே போய் நிற்கும். ‘வசனமில்லாத வேடம்தானே’ என்று கடைசியில் யாரையாவது பிடித்து நிறுத்தும் வழக்கம் நம் குழுக்களில் உண்டு. இந்த நாடகத்தில் அதைச் செய்தால் நாடகமே போயிற்று.

இன்னும் இரண்டு பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002இல் புலிட்சர் பரிசு பெற்ற அமெரிக்க நாடகாசிரியர் சூசன்-லோரி பார்க்ஸ், அதே ஆண்டு நவம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு நாள்தோறும் ஒரு நாடகம் வீதம் எழுதிய ‘365 டேஸ் / 365 ப்ளேஸ்’ தொகுப்பில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுபவையும் உள்ளன. எல்லாமே தேறும் என்று சொல்ல மாட்டேன். சில வெறும் நாட்குறிப்பாகவே நின்றுவிட்டன. ஆயினும் புதிதாக எழுத வருபவருக்கு இதைவிடத் தைரியம் தரும் நூல் அரிது. ஈரானைச் சேர்ந்த நசீம் சுலைமான்பூரின் ‘ஒயிட் ராபிட் ரெட் ராபிட்’ ஒரு மணி நேர அளவினது என்பதால் குறுநாடகம் என்ற வரையறையின் விளிம்பில்தான் நிற்கிறது. கட்டாய இராணுவச் சேவையை மறுத்ததால் கடவுச்சீட்டு கிடைக்காத நிலையில் அவர் எழுதி, 2011இல் வெளிநாட்டு மேடைகளைக் கண்ட அந்த நாடகத்துக்கு இயக்குநர் இல்லை, ஒத்திகையும் இல்லை. ஒவ்வொரு நிகழ்விலும் வேறொரு நடிகர், மூடிய உறையைப் பார்வையாளர் முன்னிலையில் பிரித்து, பிரதியை முதன்முறையாகப் படித்து நடிக்கிறார்.

எச்சரிக்கையாக ஒன்று. அமெரிக்காவின் லூயிவில் நகர நாடக அரங்கு பரவலாக்கிய பத்து நிமிட நாடக வடிவம், இன்று உலகெங்கும் போட்டி விழாக்களாகப் பெருகியிருக்கிறது. அந்த விழாக்களுக்காகவே எழுதப்படும் பிரதிகளில் பெரும்பான்மை, கடைசி வரியில் ஒரு திருப்பத்தை வைத்துக் கைத்தட்டலுக்குக் காத்திருப்பவை. முடிவு தெரிந்த பிறகு இரண்டாம் முறை படிக்கச் சலிப்புத் தட்டுமானால், அந்தப் பிரதியை மேடையேற்ற வேண்டியதில்லை என்பது என் அளவுகோல்.

வாழும் நாடகாசிரியர்களின் படைப்புகளுக்குக் காப்புரிமை உண்டு. மொழிபெயர்ப்பாயினும், பதிப்பகத்திடமோ ஆசிரியரின் முகவரிடமோ எழுத்து மூலம் அனுமதி பெற்றாக வேண்டும். இதைப் பல குழுக்கள் அலட்சியம் செய்வது வருந்தத்தக்கது. தங்கள் இலக்கியப் பக்கத்தில் வாரந்தோறும் ஒரு சிறுகதைக்கு இடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதே இடத்தில், முறையான அனுமதியுடன், ஒரு குறுநாடகத்தின் முழுப் பிரதியை மேடைக்குறிப்புகளை வெட்டாமல் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மொழிபெயர்ப்புகளோடு நில்லாமல், தமிழில் இன்று எழுதுபவர்களிடமிருந்தும் புதிய பிரதிகளைக் கேட்டுப் பெறலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்