பெட்டியின் மேல் உங்கள் பெயரைப் போடுங்கள்: பழைய கார் உதிரிபாகம் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய அமெரிக்கக் கார்களுக்கு உதிரிபாகம் செய்வோருக்கும் விற்போருக்கும்,

வணக்கம். நீங்கள் விற்ற ஒரு கண்டென்சர் சீக்கிரமே செத்துப்போனது பற்றி ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். கண்டென்சர் என்பது இன்ஜினில் பொறி உண்டாக்கும் இடத்தில் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் சின்னச் சாமான். முதல் இரண்டுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதற்கு, வேறொன்று அனுப்புவதாக ஒரே ஒரு வரி வந்தது. அப்படி அனுப்பிய கண்டென்சரும் பதினோரு நாளில் செத்துப்போனது. அதனால்தான் இதை என் மொழியில், பொதுவில் எழுதுகிறேன். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். யாராவது ஒருவர் இதை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார்.

என்னுடையது 1964 பிளைமவுத் வேலியன்ட். முப்பது டிகிரி சாய்ந்து நிற்கும் 225 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். கியருக்கு டாஷ்போர்டில் பொத்தான்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆயுள் முழுக்க ஓட்டிய வண்டி. அவர் போன பிறகு அவர் மனைவி, "இதைப் பிரித்து விற்க மாட்டாய் அல்லவா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய சாமான்கள்.

ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் 1995இல் தொடங்கியதிலிருந்து அன்றைக்கு அந்தச் சாலையே பழைய கார்களுக்குத்தான். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. முதல் தடவையாக வருகிறாள். ராயல் ஓக்கில் 13 மைல் ரோட்டைத் தாண்டியதும் வண்டி இருமத் தொடங்கியது. பிறகு சைலன்சரில் ஒரு வெடி. பிறகு சத்தமே இல்லை. முந்தின வாரம்தான் புதுக் கண்டென்சர் போட்டிருந்தேன். மீட்டரைப் பார்த்தேன், போட்டதிலிருந்து 43 மைல்.

ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். அந்த இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இன்ஜின் வலப்பக்கம் சாய்ந்திருக்க, அந்தச் சாய்வுக்கு அடியில், கொதிக்கிற இரும்புக்கும் ஃபெண்டருக்கும் நடுவே. கையை விட்டால் முழங்கைக்கு மேல் சுடும். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, மகளைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். உள்ளே திறந்து மூடும் சின்ன சுவிட்சான பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அதன் முனையில் மஞ்சளாகத் தீ எரிந்தது. அந்த மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய கண்டென்சர் வாங்கவில்லை. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி அங்கேயே எரிந்து தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்துப் பாயிண்ட், முனை நீலமாகக் கருகிப் பள்ளம் விழுந்து கிடந்தது.

டிக்கியில் பெரியவரின் பிஸ்கட் டின் இருந்தது. அதில் ஒரு கண்டென்சர், அதைச் சுற்றி ஒரு துண்டு டேப், டேப்பில் அவர் கையெழுத்து: "கழற்றியது 1979. நல்லது." பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் இருபதுக்கு வைத்து, அந்தப் பழைய கண்டென்சரை மாட்டினேன். அதற்கான சின்னத் திருகு இரண்டு தடவை கைதவறிக் கீழே விழுந்தது. மகள்தான் தார்ச்சாலையில் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். முதல் சுற்றிலேயே வண்டி எடுத்தது. அதில் அறுநூறு மைல் ஓடிவிட்டது. நீங்கள் மாற்றாக அனுப்பியதும் செத்த பிறகு, இன்றைக்கும் வண்டியில் அதே கண்டென்சர்தான்.

மனிதர் கழற்றிப் போட்டு நாற்பது வருடத்துக்கு மேல் டின்னில் கிடந்த சாமான் ஓடுகிறது. நீங்கள் போன மாதம் அனுப்பிய சாமான் 43 மைல் தாங்கவில்லை. இதை என்னால் விழுங்க முடியவில்லை ஐயா.

வீட்டுக்கு வந்து, செத்ததை வைஸில் பிடித்து அறுத்துப் பார்த்தேன். உள்ளே சுருளோடு வயரைப் பற்றவைக்கவே இல்லை, அழுத்தி மட்டும் வைத்திருந்தார்கள். இழுத்ததும் கையோடு வந்தது. பிறகு வேறு இரண்டு பெயரில், வேறு வேறு விலையில் விற்பதை வாங்கி அறுத்தேன். மூன்றிலும் ஒரே அச்சு, ஒரே வயர், ஒரே அழுத்தல். பெட்டியின் நிறம்தான் வேறு.

ஆகவே நான் கேட்பது இதுதான். பெட்டியின் மேல் செய்தவர் பெயரும் செய்த மாதமும் வருடமும் போடுங்கள். சோதித்திருந்தால் சோதித்தவர் முத்திரையும் போடுங்கள். விலையைக் கூட்டினாலும் கொடுக்கிறேன்.

ஒரு கண்டென்சருக்கு இவ்வளவா என்று உங்களுக்குத் தோன்றலாம். கண்டென்சர் செத்தால் நான் ஓரமாக நிற்பேன், அவ்வளவுதான். ஆனால் அதே அலமாரியில்தான் பிரேக் வீல் சிலிண்டரும் விற்கிறீர்கள். பிரேக் எண்ணெயை நான்கு சக்கரத்துக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், 1964 வேலியன்டில் ஒரே அறை. ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்து எண்ணெய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. அந்த ரப்பரை யார் செய்தார், எந்த வருடம் செய்தார் என்று தெரியாமல் என் மகளை எப்படிப் பக்கத்தில் உட்காரவைப்பேன்?

கடைக் கவுன்டரிலும் இதே கதைதான். பதினேழு இலக்க வண்டி எண்ணைக் கொடுங்கள் என்கிறார்கள். அந்தப் பதினேழு இலக்கம் வந்ததே 1981 மாடலில் இருந்து. என் வண்டிக்கு இருப்பது பத்து. பத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஏற்காது, உங்கள் வண்டியே பதிவில் இல்லை என்பார்கள். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய பெட்ரோல் பம்பின் ரப்பர் சவ்வைத் தின்கிறது. இன்ஜின் ஆயிலில் துத்தநாகத்தைக் குறைத்துவிட்டார்கள். புது வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்டர் கெடக்கூடாது என்பதற்காக. சரி, அது நியாயம். ஆனால் அந்தத் துத்தநாகத்தை நம்பித்தான், வால்வுகளைத் திறக்கும் எங்கள் கேம்ஷாஃப்ட் தேயாமல் இருந்தது. பிளைமவுத் என்ற பெயரையே 2001இல் மூடிவிட்டார்கள். இதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்லவில்லை. சொல்ல வந்தது வேறு, எங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

எதற்காக இந்தப் பாடு என்று என் மனைவியும் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினை நன்றாகச் சூடேற்றி வால்வு இடைவெளி வைப்போம். உள்ளே வருகிற வால்வுக்கு ஆயிரத்தில் பத்து, புகை போகிற வால்வுக்கு இருபது. நான் திருகைத் திருப்ப, மகள் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, "அப்பா, இறுக்கம்," "அப்பா, இப்ப சரி" என்பாள். பன்னிரண்டு வால்வும் முடிந்ததும், கடகடவென்று அடித்துக்கொண்டிருந்த இன்ஜின் என் அம்மாவின் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடும். ஸ்கேனர் வேண்டாம், காதும் விரலும் போதும். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா வாசலுக்கு வந்து நிற்பார். ஒன்றும் பேச மாட்டார். கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போவார்.

நல்லபடி செய்கிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கார்புரேட்டர் கிட் வாங்கினேன். உறைக்குள் ஒரு சீட்டு, அதில் செய்தவரின் கையெழுத்தும் தேதியும். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தச் சீட்டை கராஜ் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். நான் கேட்பது அந்த ஒரு சீட்டைத்தான்.

நவம்பரில் மிச்சிகன் ரோடுகளில் உப்பு தூவத் தொடங்குவதற்குள் வண்டியை உள்ளே விட்டு மூடிவிடுவேன். மறுபடி ஏப்ரலில்தான் எடுப்பேன். பெரியவரின் கண்டென்சர் ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதற்கு மாற்று வேண்டும். ஏப்ரலுக்குள், செய்தவர் பெயரும் தேதியும் போட்ட பெட்டியில் இரண்டு அனுப்புங்கள். பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
1964 வேலியன்டின் இப்போதைய காவல்காரன்