எனக்கு வேண்டாம், உனக்குத்தான் அது

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "காதுக்குள்ள எதையும் சொருக வேண்டாம்மா, எலும்பு வழியாவே கேக்குமாம், வாங்கி அனுப்பட்டுமா" என்று நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். வாங்காதே. பணத்துக்காகச் சொல்லவில்லை, எலும்பு வழி ஹியரிங் எய்டு என் காதுக்கு ஆகாது. யாருக்கு ஆகும் என்று கேட்டால் உனக்குத்தான் ஆகும், அதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தில் இருப்பது ஹியரிங் எய்டே இல்லை. ஓடும்போது பாட்டுக் கேட்பதற்குக் கன்னத்தெலும்பின் மேல் வைத்துக்கொள்கிறார்களே, அந்த ஹெட்போன். அதுவும் எலும்பு வழிதான், ஆனால் போனிலிருந்து வருவதைத்தான் கொடுக்கும். எதிரில் இருப்பவர் பேசுவதை வாங்கி, நமக்கு எந்தச் சுருதி எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப ஏற்றிக் கொடுக்காது. "எல்லாக் காதுக்கும் ஏற்றது" என்று கீழே போட்டிருக்கிறதே, அந்த ஒரு வரி போதும் எனக்கு.

உன் குரலை ரெக்கார்ட் பண்ணிக் கேட்டால் "ஐயே, இதுவா என் குரல்" என்பாயே, அதற்குக் காரணம் இந்த எலும்பு வழிதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாகவும் வருகிறது, மண்டையோடு அதிர்ந்து உள்காதுக்கு நேராகவும் போகிறது. ரெக்கார்டில் காற்று வழி மட்டும்தான் இருக்கும், அதனால் சன்னமாக, யாரோ பேசுவது போல இருக்கும். இந்த இரண்டாவது வழியைத்தான் எலும்பு வழிக் கருவி, அதாவது எலும்பு வழி ஹியரிங் எய்டு, பிடித்துக்கொள்கிறது. காதுக்குப் பின்னால் மேடாக இருக்கும் மாஸ்டாய்டு எலும்பை அது அதிரவைக்கும். அதிர்வு காதுத் துவாரம், செவிப்பறை, நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகள் எதையும் எதிர்பார்க்காமல் உள்காதில் நத்தை ஓடு மாதிரி இருக்கும் காக்ளியாவுக்குப் போய்ச் சேரும். முன்கதவு அடைபட்டிருந்தால் சுவரைத் தட்டிச் சேதி சொல்வது மாதிரி. ஆனால் உள்ளே இருப்பவருக்கே காது மந்தம் என்றால் சுவரைத் தட்டி என்ன பயன்? என் கதை அதுதான். வயதாகி, காக்ளியாவுக்குள் சத்தத்தை உணரும் மயிரணுக்கள் தேய்ந்துவிட்டன. எனக்குச் சாதாரணமாகக் காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஹியரிங் எய்டே சரி, அது வந்தும்விட்டது. உன் அப்பா முணுமுணுப்பதெல்லாம் இப்போது விழுகிறது, அவருக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்பதை விட எந்த இடத்தில் தடை என்பதுதான் இதில் முக்கியம். காதைச் சோதித்துக் கொடுக்கும் ஆடியோகிராம் தாளில் இரண்டு விதக் குறிகள் இருக்கும், குறி கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு என்று அர்த்தம். வட்டமும் பெருக்கல் குறியும் ஹெட்போன் வைத்துப் பார்த்தது, காற்று வழி. அம்புமுனை மாதிரியோ சதுர அடைப்பு மாதிரியோ இருப்பது காதுக்குப் பின்னால் அதிர்வியை வைத்துப் பார்த்தது, எலும்பு வழி. என் தாளில் இரண்டும் ஒட்டிக்கொண்டே கீழே இறங்குகின்றன. அப்புறம் பெட்டியிலிருந்து உன் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். எலும்பு வழி மேலே 15 டெசிபலில் நிற்கிறது, காற்று வழி கீழே 55, 60 என்று கிடக்கிறது. நடுவே அவ்வளவு இடைவெளி! உன் உள்காது நன்றாகத்தான் இருக்கிறது கண்ணம்மா, சத்தம் அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இந்த இடைவெளி 30 டெசிபலுக்கு மேல் போனால் சாதாரணக் கருவியை விட எலும்பு வழிக் கருவிதான் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும் என்று காது கேட்பதைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் சொன்னார். சாதாரணக் கருவி அந்தத் தடை முழுவதையும் தாண்டுகிற அளவுக்கு அலற வேண்டும், இது தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

உனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்ன வயதில் வாஸ்லின் தடவிய பஞ்சை இரண்டு காதிலும் வைத்துத்தான் உனக்குத் தலை குளிப்பாட்டுவேன். செவிப்பறையில் ஓட்டை, அடிக்கடி சீழ், வலது பக்கம் மாஸ்டாய்டு ஆபரேஷன். சாதாரணக் கருவி வாங்கினோம், காதுக்குள் செருகும் அதன் மோல்டு காதை அடைத்துக்கொண்டதும் உள்ளே காற்றுப் போகாமல் ஈரம் தங்கி மறுபடி சீழ் வந்தது. மருந்து விட்டுக் காய வைத்து, திரும்பப் போட்டு, திரும்பச் சீழ். இப்போது அது உன் மேசை டிராயரில் தூங்குகிறது, நீ வாயசைவைப் பார்த்துச் சமாளிக்கிறாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. எலும்பு வழிக் கருவி காதுத் துவாரத்தைத் திறந்தே விட்டுவிடும். உன்னைப் போன்ற காதுக்காரர்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

பிறவியிலேயே காதுத் துவாரம் இல்லாத குழந்தைகளுக்கும் இதுதான் கை கொடுக்கிறது. கைக்குழந்தைக்குத் தலையைச் சுற்றி மெத்தென்ற பட்டையில் கோத்துப் போட்டுவிடுவார்கள். எலும்பில் பொருத்துவதெல்லாம் பிறகு, அமெரிக்காவில் 5 வயதுக்கு முன் அதற்கு அனுமதியே இல்லை. ஒரு காது அடியோடு கேட்காமல் மறு காது நன்றாக இருப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள், கேட்காத பக்கத்துச் சத்தம் மண்டையோடு வழியாக நல்ல காதுக்குப் போய்விடும். ஆனால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிற திறமை அதனால் திரும்பி வராது.

ஆபரேஷன் என்றதும் பயப்படாதே, எடுத்த எடுப்பில் யாரும் அங்கே போவதில்லை. தலைப்பட்டையிலோ, காதுக்குப் பின்னால் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொள்ளும் வகையிலோ முதலில் போட்டுப் பார்க்கலாம். பட்டை அழுத்தமாக இருந்தால்தான் அதிர்வு போகும், அதனால் தோல் சிவக்கும், சிலருக்குத் தலைவலியும் வரும். ஸ்டிக்கரில் அழுத்தம் இல்லை, ஆனால் எலும்பு வழியாகக் கேட்கும் திறன் உன்னுடையது போல நல்ல நிலையில் இருந்தால்தான் அது உதவும். இரண்டிலும் தோல் நடுவில் நின்று உச்சச் சுருதிகளைக் கொஞ்சம் விழுங்கிவிடும், 'ஸ' 'ச' எல்லாம் மங்கும். அதனால் ஸ்டிக்கரிலேயே உனக்குப் பிடித்துப்போனால் எலும்பில் பொருத்தியது அதை விடத் தெளிவாகத்தான் இருக்கும்.

பொருத்துவது என்பது டைட்டானியம் திருகு. அப்பாவின் பல் இம்பிளான்ட் இருக்கிறதே, அதே சங்கதி. எலும்பு அந்த உலோகத்தோடு தானாகக் கூடிக்கொள்ளும். ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர் கண்டது அது, அதை வைத்து 1977இல் கோத்தன்பர்க் நகரில் முதல்முதலாகக் காதுக்காகப் பொருத்தினார்கள். அந்த வகையில் தோலுக்கு வெளியே ஒரு சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும், கருவியை அதில் கழற்றி மாட்டலாம். கேட்பது அருமையாக இருக்கும், ஆனால் குமிழைச் சுற்றி தினமும் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகும். (குளித்த தலையை ஈரத்தோடு முடிகிற ஆள் நீ, யோசித்துக்கொள்.) போன்பிரிட்ஜ், ஓசியா போன்ற புது வகைகளில் அதிர்கிற பாகமே தோலுக்கு அடியில் இருக்கும், வெளிக்கருவி காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், தோல் தொந்தரவு குறைவு. உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பேசுவதற்கு முன் இ.என்.டி. டாக்டரிடம் ஒன்று கேள்: இடது செவிப்பறை ஓட்டையை அடைக்க முடியுமா, அதனால் கேட்கும் திறன் எவ்வளவு திரும்பும் என்று. அது நடக்கிற காரியமென்றால் அந்தப் பக்கத்துக்குக் கருவி பேச்சே வேண்டியிருக்காது. வலது பக்கம் ஏற்கெனவே கத்தி பட்ட காது, அதற்கு என்ன சொல்கிறார் என்று தனியாகக் கேள்.

ரிப்போர்ட் ரொம்பப் பழசு, புது ஆடியோகிராம் எடு. எலும்பு வழியும் சேர்த்துப் பார்க்கச் சொல், அவசரத்தில் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டையில் கோத்த கருவியைச் சில நாள் வீட்டுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார், கொடுத்தால் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போட்டுக்கொண்டு போ. ஆடியாலஜிஸ்டின் அமைதியான அறையில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

தாள் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. சாய்த்து எடுக்காதே, போன தடவை மாதிரி ஓரத்து எண்கள் வெட்டுப்பட்டால் எனக்கு ஒன்றும் புரியாது.

அம்மா